குன்னூர் ஜெராக்ஸ் கடையும் ஆஸ்திரேலிய பி.ஆர். விண்ணப்பமும்

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும் வழியில், ஒரு மாடிப்படியின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையைப் பற்றிய மதிப்புரை இது. பெயர்ப்பலகையில் ‘ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் சேவை’ என்று எழுதியிருக்கிறது. விசா என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் ஆஸ்திரேலியாவில், முதலாளி பொறுப்பேற்று எடுக்கும் ஸ்பான்சர் விசாவில் வேலை பார்க்கும் என் மகன் பி.ஆர். எனப்படும் நிரந்தர வாழுரிமைக்கு விண்ணப்பித்தபோது, மலையிலிருந்து போகவேண்டிய காகிதங்கள் அனைத்தும் இந்தக் கடையின் மேசையைத் தாண்டித்தான் போயின. 2025 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பதினொரு தடவை அங்கே போயிருக்கிறேன். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. வேண்டியவர்கள் பேருந்து நிலையத்து ஆட்டோக்காரர்களிடம் ‘சிலோன் காகிதம் பார்க்கிற கடை’ என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலில் விண்ணப்பத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் செய்த வேலையின் அருமையும் அவர் செய்த தவறின் கனமும் விளங்கா. மகன் ஊட்டியில் ஒரு விடுதியில் ஏழு ஆண்டுகள் அடுப்படியில் நின்றவன். 2023 மார்ச்சில் விக்டோரியா மாநிலத்தின் பல்லாரட் நகரில் ஓர் உணவகத்துக்கு, ‘குக்’ என்ற தொழிலின் கீழ், சப்கிளாஸ் 482 என்னும் தற்காலிக வேலை விசாவில் போனான். அது குறுகியகாலப் பிரிவு விசா; இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2024 ஜூன் நடுவில் அந்த உணவகம் மூடப்பட்டது. ஸ்பான்சரிடம் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. ஜூலை 1 முதல் அந்த அறுபது நாள் 180 நாளாக நீட்டப்பட்டது. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டும் வரம்பு. இடையில் கழிந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. செப்டம்பரில் பெண்டிகோ நகரில் வேறோர் உணவகம் அவனை எடுத்துக்கொண்டது. 2026 அக்டோபர் வரை செல்லும் புதிய 482 விசாவும் கிடைத்தது.

வேலை போயிருந்த அந்த நாள்களில் நான் செய்த முதல் காரியம், கோவையில் ஒரு விசா ஆலோசனை நிலையத்துக்குப் போய் பத்தாயிரம் ரூபாய் கட்டியது. குளிரூட்டிய அறை, சுவரெல்லாம் கங்காரு. அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, குக் என்பது குறுகியகாலப் பட்டியலில் உள்ள தொழில், அதற்கு பி.ஆர். வழியே கிடையாது, உடனே மாணவர் விசாவுக்கு மாற்றிக்கொண்டு அங்கே ஒரு கல்லூரியில் சேரச் சொல்லுங்கள் என்றார். சேர வேண்டிய கல்லூரியையும் அவரே சொன்னார். 2018 மார்ச்சில் பழைய 457 விசாவை நீக்கி 482 விசாவைக் கொண்டுவந்த காலத்து விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் 2023 நவம்பர் 25 முதல் அந்த விதி மாறிவிட்டது. 482 விசாவின் எந்தப் பிரிவில் இருப்பவரும், ஸ்பான்சரிடம் இரண்டு ஆண்டுகள் வேலை செய்திருந்தால், முதலாளி அவரை அந்த வேலைக்கு முன்மொழியும் நாமினேஷனோடு சப்கிளாஸ் 186 என்னும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் அந்தக் காலம் மூன்று ஆண்டுகளாக இருந்தது. கோவைக்காரர் எட்டு மாதத்துக்கு முன் மாறிய விதியை அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதை அவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். பத்தாயிரம் திரும்பி வரவில்லை.

உண்மையைச் சொன்னவர் மெல்போர்னில் இருக்கும் ஒரு குடிவரவு முகவர். ஆஸ்திரேலியாவுக்குள் கட்டணம் பெற்று விசா ஆலோசனை சொல்கிறவர் ஓமாரா என்ற பதிவு அலுவலகத்தில் பதிவு பெற்றவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. அதை இணையத்திலுள்ள பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். நம் ஊரில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இந்த ஒரு செய்தி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கங்காருச் சுவருக்குப் பத்தாயிரம் அழுதிருக்க மாட்டேன். முகவர் மகனிடம் இன்னொன்றையும் சொன்னார். முன்பெல்லாம் நாமினேஷன் கொடுக்கும் அதே முதலாளியிடம் செய்த வேலைதான் கணக்கில் வரும். 2024 டிசம்பர் 7 முதல், அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் செய்த வேலையும் சேரும். ஆகவே பல்லாரட்டின் பதினைந்து மாதமும் பெண்டிகோவின் பதினொரு மாதமும் கூடி இரண்டு ஆண்டுகளைத் தாண்டின. இடையில் வேலையில்லாமல் இருந்த காலம் மட்டும் சேராது. நாமினேஷன் போடும் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் இந்த இரண்டு ஆண்டு வேலை அடங்க வேண்டும் என்பதால், 2025 ஆகஸ்டு என்று நாள் குறித்தார்கள்.

அதன்பின் முகவர் அனுப்பிய பட்டியல் எங்கள் வீட்டுக்கு வந்தது. சம்பளச் சீட்டுகள், வரிக் கணக்கு, சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதியின் விவரம் எல்லாம் மகன் தன் கைப்பேசியிலேயே எடுத்துவிட்டான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், அதையும் வாங்கிவிட்டான். வயது நாற்பத்தைந்துக்குக் கீழ் என்பதில் சிக்கல் இல்லை. பட்டியலில் எஞ்சியவைதான் மலையில் இருந்தன. அவனுடைய பிறப்புச் சான்று, திருமணச் சான்று, குன்னூரிலேயே எங்களோடு இருக்கும் மருமகள், பேத்தி ஆகியோரின் காகிதங்கள், அவற்றோடு பெற்றோரைப் பற்றிய விவரம் கேட்கும் படிவம் 80. அங்கேதான் நான் தடுமாறினேன். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது.

இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964-க்குப் பிறகு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1963-இல் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த நான், பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கே கொடுத்த குடும்ப அட்டையோடு நீலகிரிக்கு வந்தேன். தாயகம் திரும்பியோருக்காகவே 1968-இல் தொடங்கப்பட்ட டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. பின்னாளில் அதன் தொழிற்சாலையில் எனக்கும் வேலை. நான் பிறந்ததற்கான சான்று என்று கையில் இருப்பது, கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் அப்பாவுக்குக் கொடுத்த கடவுச்சீட்டு மட்டும்தான். அதில் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே பிறந்த ஆண்டு உண்டு. நாளும் மாதமும் இல்லை.

இந்தக் காகிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போன முதல் நாளை மறக்க முடியாது. கடைக்காரருக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பட்டியலைப் படித்துவிட்டு அவர் சொன்னது: “அண்ணா, விசா எனக்குத் தெரியாது. அங்கே இருக்கிற வக்கீல் என்ன கேட்கிறாரோ அதை அப்படியே கொண்டு வாங்க. காகிதத்தை நான் பார்த்துக்கறேன்.” கங்காருச் சுவரைப் பார்த்து வந்தவனுக்கு அந்தப் பேச்சே பாதி நிம்மதியைக் கொடுத்தது. பின்பு அவரே இந்த வாக்கை இரண்டு தடவை மீறினார் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

அப்பாவின் கடவுச்சீட்டை அவர் கையாண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நடுவில் தையல் விட்டு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, கண்டி முத்திரையின் ஊதா மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த புத்தகம் அது. ஜூன் மாதத்து மூடுபனியில் காகிதம் அப்பளம் போல நமத்துக் கிடந்தது. அவர் அதை ஸ்கேனர் மூடியின் கீழ் அழுத்தவில்லை. முதலில் மேசை விளக்கின் சூட்டில், வெள்ளைத் துணி ஒன்றை மேலே போட்டுக் கால் மணி நேரம் வைத்தார். நமப்பு போனபின் ஒவ்வொரு பக்கமாக ஒட்டடைத் தூரிகையைப் போன்ற ஒரு மென்தூரிகையால் தடவி, பின்னால் கறுப்பு அட்டை வைத்து, மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுத்தார். கறுப்பு அட்டை எதற்கு என்று கேட்டேன். மெல்லிய காகிதத்தில் பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும், கறுப்பு வைத்தால் தெரியாது என்றார். லேமினேஷன் செய்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு, தன் கடை வருமானத்தில் பாதி லேமினேஷனில்தான் வருகிறது என்றாலும் இதைச் செய்யமாட்டேன், பிளாஸ்டிக் போட்டால் விளக்கு வெளிச்சம் முத்திரை மேல் பளீரென்று அடித்து எழுத்தே தெரியாது, பிறகு பிரிக்கவும் முடியாது என்று மறுத்துவிட்டார்.

விசா விண்ணப்பங்களை ஏற்றும் ஆஸ்திரேலிய அரசின் இம்மி அக்கவுண்ட் தளத்தில் ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் இருக்கக்கூடாது. வண்ணத்தில் எடுத்தால் கோப்பு பெருக்கும். சுருக்கினால் முத்திரை மங்கும். இரண்டுக்கும் இடையில் சரியான அளவைப் பிடிக்க அவர் ஒரே பக்கத்தை நான்கு தடவை எடுத்தார். நான்குக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு உரிய காசுதான் வாங்கினார். மெல்போர்ன் முகவர் மகனிடம், இத்தனை பழைய ஆவணம் இவ்வளவு தெளிவாக வருவது அரிது என்று சொன்னாராம். அந்தப் பாராட்டை நான் கடைக்காரரிடம் சேர்த்தபோது, அவர் தலையை நிமிர்த்தாமல் அடுத்தவருடைய ரேஷன் அட்டையை நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

படிவம் 80 இருபது பக்கத்தை ஒட்டிய பெரிய படிவம். பத்து ஆண்டுகளாக எங்கெங்கே வசித்தீர்கள், எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள், என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்பதோடு, தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஒவ்வொருவருடைய முழுப்பெயர், பிறந்த நாள், பிறந்த நாடு எல்லாவற்றையும் கேட்கும். என் பிறந்த நாள் குடும்ப அட்டையில் வெறும் 1963. பள்ளிச் சான்றில் ஜூன் 5. ஆதாரில் ஜனவரி 1. பள்ளியில் சேர்க்கும் வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிடுவதும், நாள் தெரியாதவனுக்கு ஆதார்க்காரர் ஜனவரி 1 போட்டுவிடுவதும் நம்மில் யாருக்கும் புதிதில்லை. பெயர் எழுத்தும் அப்படித்தான். கண்டியில் எழுதியவர் என் பெயரின் நடுவே ‘டிஎச்’ போட்டிருக்கிறார். இங்கே ரேஷன் அட்டையில் வெறும் ‘டி’. தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டு ஆள்.

இதைவிடப் பெரிய குழப்பம் மகனுடையது. அவனுடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி; பெயர் ஒன்றுதான். நம்மிடம் இருப்பது தந்தை பெயரின் தலையெழுத்து, அதாவது இனிஷியல். அதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதை அவரவர் விருப்பப்படி செய்திருக்கிறார்கள். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால், திருமணச் சான்றில் பின்னால், பேத்தியின் பிறப்புச் சான்றில் இனிஷியல் விரிந்து என் முழுப்பெயராக. ஆஸ்திரேலிய விசாவிலோ அவனுடைய ஒற்றைப் பெயரே குடும்பப்பெயராக ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் ஆவணங்களின் பெயரை இடப்பக்கம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் எங்கள் பெயர்களும் நாள்களும் எப்படி இருக்கின்றன என்பதை எழுத்து மாறாமல் வலப்பக்கம் எழுதினார். “எதையும் திருத்த வேண்டாம் அண்ணா. எப்படி இருக்கோ அப்படியே எல்லாத்தையும் சொல்லிடுவோம். ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும்” என்றார். கெஜட்டில் பெயர் மாற்றி, ஆதாரில் நாள் மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதாரை மாற்றினால் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டை மாற்றினால் விசா என்று சங்கிலி நீண்டிருக்கும். முகவரும் கடைக்காரர் சொன்னதையே சொன்னார்: வேறு பெயர்கள் என்ற பகுதியில் எல்லா வடிவங்களையும் எழுதி, படிவத்தின் கடைசியில் கூடுதல் விவரத்துக்கு விட்டிருக்கும் இடத்தில் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளைத்தாள் கிட்டத்தட்ட அப்படியே அங்கே போயிற்று.

இனிக் குறைகள். முதல் குறை மொழிபெயர்ப்பு. மகனின் பிறப்புப் பதிவு தமிழில் இருந்தது. கடைக்காரர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, 600 ரூபாய் பெற்றுக்கொண்டார். ஆஸ்திரேலியாவுக்குள் செய்யும் மொழிபெயர்ப்பு என்றால் நாட்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் செய்ய வேண்டும். வெளிநாட்டில் செய்வதென்றால் அந்த அங்கீகாரம் தேவையில்லை, ஆனால் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் அவருக்குள்ள தகுதியும் அனுபவமும் மொழிபெயர்ப்பின் அடியில் இருக்க வேண்டும். எங்கள் தாளில் நோட்டரியின் சிவப்பு முத்திரை கால் பக்கத்துக்குப் பளபளத்தது. மொழிபெயர்த்தவர் யார் என்ற விவரமே இல்லை. முகவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கொண்டு கடைக்காரர் மறுபடியும் செய்யவைத்தார். அதற்கு மீண்டும் 400 ரூபாய் கேட்டார். தவறு உங்களுடையது, நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று முகம் சுருங்கினாலும் வாங்காமல் விட்டார். இது நிகழ்ந்தபின் கடைச் சுவரில் மொழிபெயர்ப்பாளர் விவரத்துக்கான மாதிரித்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். நல்லதுதான், எங்கள் செலவில் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது குறை விண்ணப்பத்தையே கவிழ்த்திருக்கக்கூடியது. படிவம் 80-இல் மகனின் வேலை வரலாற்றைத் தட்டச்சு செய்யும்போது, நான் ‘குக்’ என்று எழுதிக் கொடுத்திருந்த இடங்களிலெல்லாம் அவர் ‘செஃப்’ என்று போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. குக் என்றால் கல்யாண வீட்டுச் சமையற்காரர் போல இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு செஃப் என்றால்தான் மரியாதை என்று நினைத்திருக்கிறார். தமிழில் இரண்டும் சமையற்காரர்தான். ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாட்டில் செஃப் 3513 என்ற தொகுதி, குக் 3514 என்ற தொகுதி. சமையலைத் திட்டமிட்டு அடுக்களையை நடத்துகிறவர் முதலாமவர். பக்குவம் பார்த்துச் சமைக்கிறவர் இரண்டாமவர். 482 விசா எந்த நான்கு இலக்கத் தொகுதியில் கிடைத்ததோ அதே தொகுதியில்தான் 186 நாமினேஷனும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் குக் வேலைக்கு விசா வைத்துக்கொண்டு செஃப் வேலை பார்த்ததாகத் தன் கையெழுத்திட்ட படிவத்திலேயே ஒருவன் சொன்னால், பார்க்கும் அதிகாரி என்ன நினைப்பார்? முகவரின் உதவியாளர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். மரியாதைக்காக ஒரு சொல்லை மாற்றியதில் மூன்று ஆண்டு உழைப்பு ஆற்றோடு போயிருக்கும். தட்டச்சு செய்து கொடுத்ததை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பிய குற்றம் எனக்கும் உண்டு. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதா, ஊர்ப்பேச்சு என்று விடுவதா தெரியவில்லை. முதலாளி கட்ட வேண்டிய பயிற்சி நிதி வரி என்று ஒன்று உண்டு. ஆண்டு வரவு ஒரு கோடி டாலருக்குக் குறைந்த நிறுவனம் 186 நாமினேஷனுக்கு 3,000 டாலரும், அதற்கு மேற்பட்டது 5,000 டாலரும் கட்ட வேண்டும். நாமினேஷன் கட்டணம் 540 டாலர் தனி. “அதைப் பையன் கையிலிருந்துதான் கொடுக்கணும் அண்ணா, போன தடவை வந்தவங்களும் கொடுத்தாங்க” என்று கடைக்காரர் சொன்னார். மருமகள் அன்றிரவே நகைகளைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்த வரியைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது அங்கே சட்டப்படி கூடாது. ஸ்பான்சர் செய்வதற்குக் கைம்மாறாகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 இறுதியிலிருந்தே தடைசெய்யப்பட்டவை. மகன் கட்டியது விசாக் கட்டணம் மட்டும்: 2025 ஜூலை முதல் அவனுக்கு 4,910 டாலர், மனைவிக்கு அதில் பாதி, குழந்தைக்கு இன்னும் குறைவு. விசா எனக்குத் தெரியாது என்று முதல் நாள் சொன்ன மனிதர் அந்தச் சொல்லிலேயே நின்றிருக்கலாம்.

மருமகளின் காகிதங்களில் அவர் செய்த உதவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். உடன் விண்ணப்பிக்கும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் அடிப்படை ஆங்கில அறிவைக் காட்டாவிட்டால் கிட்டத்தட்ட 5,000 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அவள் ஆங்கில வழியில் பட்டப்படிப்பு முடித்தவள். அதைக் கல்லூரி எழுத்தில் சொன்னால் போதும். கல்லூரி கொடுத்த முதல் கடிதத்தில் அவள் அங்கே படித்தாள் என்பது மட்டும் இருந்தது. எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டன என்ற வரியும், படித்த ஆண்டுகளும் வேண்டும் என்று கடைக்காரர் ஒரு மாதிரிக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இரண்டே நாளில் கையெழுத்தாகி வந்தது. முகவரின் பட்டியலில் ‘பயிற்றுமொழிச் சான்று’ என்று ஒரு சொல்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லை நம் ஊர்க் கல்லூரி எழுத்தருக்குப் புரியும் கடிதமாக மாற்றுவது மெல்போர்னில் இருப்பவரால் ஆகாது.

காவல்துறைச் சான்றுக்கு மருமகள் கோவை கடவுச்சீட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தாள். அவளுடைய கடவுச்சீட்டில் கூடலூரில் உள்ள தாய்வீட்டு முகவரி இருந்ததால் விசாரணை எந்தக் காவல் நிலையத்துக்குப் போகும் என்ற குழப்பம் வந்து, இப்போது வசிக்கும் முகவரிக்கான சான்றுகளைச் சேர்த்து அது தீர்ந்தது. அந்தச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் பன்னிரண்டு மாதங்களுக்கே செல்லும் என்பதால், ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள் என்ற கடைக்காரரின் அவசரத்துக்கு முகவர் தடை போட்டார். மருத்துவத்துக்கும் மலையை விட்டுக் கீழே இறங்கத்தான் வேண்டும். பர்லியார் வளைவுகளில் பேத்தி இரண்டு தடவை வாந்தி எடுத்ததைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டண விவரம்: வண்ண ஸ்கேன் பக்கத்துக்கு 10 ரூபாய், படிவம் 80 தட்டச்சுக்கு 800, பெயர் விளக்கத் தாளுக்கு அவர் எதுவும் கேட்கவில்லை, நானாக 200 கொடுத்தேன். பதினொரு நடைக்கும் சேர்த்து 4,350 ரூபாய் ஆயிற்று. கோவையில் ஒரே அரைமணிக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மழைக்காலத்தில் வாசல் தகரத்திலிருந்து வடியும் நீர் வரிசையில் நிற்பவர் தோளில் விழும். மின்சாரம் போனால் அன்றைய வேலை அத்தோடு சரி; இன்வெர்ட்டர் கணினிக்கு மட்டும், ஸ்கேனருக்குக் கிடையாது. பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஜூன் முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு குறையைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு பைசா செலவில்லை. ஆறாவது தடவை போயிருந்தபோது எங்கள் கோப்பைத் தேட அவர் கணினித் திரையைத் திறந்தார். அங்கே முன்பக்கத்திலேயே, குறைந்தது முப்பது குடும்பங்களின் பெயரில் கோப்புறைகள். ஒன்றைத் தவறுதலாக அவர் அழுத்தியதில், எனக்கு முகம் தெரிந்த ஒருவருடைய மகளின் கடவுச்சீட்டு திரை முழுக்க விரிந்தது. எங்கள் குடும்பத்தின் கண்டி முத்திரையும் இப்படி எத்தனை பேருக்கு விரிந்ததோ. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னேன். நாளைக்கு விசாக்காரர்கள் வேறு காகிதம் கேட்டால் எளிதாக இருக்குமே என்றார். நான் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, என் கண்ணெதிரே அழிக்கவைத்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கவைத்தேன்.

நாமினேஷனும் விசா விண்ணப்பமும் 2025 ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஒன்றாகவே போய்விட்டன. சில விடுபட்ட தாள்கள் செப்டம்பரில் பின்தொடர்ந்தன. முடிவு இன்னும் வரவில்லை. நாமினேஷன் மறுக்கப்பட்டால் விசாவும் விழும் என்பதால், பெண்டிகோ உணவகம் நன்றாக நடக்க வேண்டும் என்று வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறார்கள். தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு ஏப்ரலில் வந்துபோகலாமா என்று மகன் கேட்டிருந்தான். கையில் உள்ள 482 விசா 2026 அக்டோபர் வரை செல்லும். அதுவரை போகவர அதுவே போதும். அது முடிந்தபின், முடிவு வரும்வரை தங்கவிடும் இடைக்கால விசாவான பிரிட்ஜிங் ஏ விசாவில்தான் இருப்பான். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது, புறப்படும் முன்பே பிரிட்ஜிங் பி வாங்க வேண்டும். இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் ஒரு துண்டுத்தாளில் குறித்து மேசைக் கண்ணாடியின் அடியில் செருகிக்கொண்டார். யாராவது கேட்டால் சொல்வதற்காம். முகவரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.